நீல டிரம் இருந்த இடம்

மாசி மகம் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் என் மகள் அடுத்த அறையில் சத்தமில்லாமல் இருந்தால் செய்கிற வேலையை விட்டுவிடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "என்னம்மா?" என்று எரிச்சலோடு பதில் வரும். "ஒண்ணுமில்ல" என்பேன். அந்த எரிச்சலைக் கேட்பதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். எங்கள் வீடு நெடுங்காட்டில் இருக்கிறது. நான் காரைக்காலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பயப்படக் காரணமே வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் பயம், பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதித்தால் பயம். கடல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவளுக்குக் கடல்தான் பிடிக்கும். அதனால் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போவேன், மணிக்கட்டைப் பிடித்தபடி.

மகத்துக்கு முந்தின ஞாயிறு திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. அது எதனால் செத்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆமைகள் பாலிதீன் பையைச் ஜெல்லி மீன் என்று நினைத்துத் தின்றுவிடும் என்று அவளுடைய வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மணல் தொடங்கும் இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குப்பைத்தொட்டியாக வைத்திருந்தார்கள். அன்று நாங்கள் சாப்பிட்ட கடலைப் பொட்டலக் காகிதம், யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில், அறுந்த செருப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் அதில் போட்டாள். செருப்பை எடுத்ததற்கு மட்டும் நான் திட்டினேன். "ஒரு காகிதம்கூடக் கீழ போடக் கூடாது, சரியா?" என்றும் பெரிய மனுஷியாகச் சொல்லிவைத்தேன்.

மகத்தன்று மறுபடி அதே கடற்கரை. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்கு இங்கே வருவார். தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டினவர் என்பதால் இந்தக் கரை மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. சாமி வருகிறார் என்று சொல்ல மாட்டார்கள், மாப்பிள்ளை வருகிறார் என்பார்கள். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் எப்படியோ அப்படித்தான் பரபரப்பு. மணலைப் பெருக்கிப் பெருக்கிச் சீப்பால் வாரினது போல வைத்திருந்தார்கள். அவ்வளவு சுத்தமான கடற்கரையை நான் பார்த்ததே இல்லை.

என் கணவர் அறுவடை இயந்திரம் வந்துவிட்டதென்று வயலிலேயே தங்கிவிட்டார். நாங்கள் இருவர் மட்டும் துண்டை விரித்து உட்கார்ந்தோம். அவள் கப் ஐஸ் தின்று முடித்தாள். அந்த நேரம் கணவர் போனில் அழைத்தார். கூட்டத்தின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"அம்மா, இத எங்க போடுறது?"

"அன்னிக்குப் போட்டியே, அந்த நீல டிரம்லதான். போட்டுட்டு நேரா வா."

திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். டிரம் இருபதடி தூரத்தில் இருப்பதாக என் நினைப்பு. நெல்லில் ஈரம் இருக்கிறதா, சாக்கு போதுமா என்று இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்பேன். வைத்துவிட்டுத் திரும்பினேன். அவளைக் காணவில்லை. டிரம்மையும் காணவில்லை. அது இருந்த இடத்தில் புதிதாகப் பெருக்கின மணல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு என் கண்ணுக்குக் கடலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"பாப்பா!" என்று கத்தினேன். நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. அவளுக்கு மஞ்சள் பாவாடை போட்டுவிட்டிருந்தேன். அன்று கடற்கரை முழுக்க மஞ்சள் பாவாடையாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நான் ஓடி வந்ததே எனக்குத் தெரிந்தது. கைப்பையைக் காணோம், ஒரு செருப்பைக் காணோம். "புள்ள தண்ணியில போயிட்டா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேனா இல்லை என்று சொன்னேனா தெரியாது. நான்கு இளைஞர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலைக்குள் பாய்ந்தார்கள். அவர்கள் மூழ்கி மூழ்கி எழுந்ததைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் முழுதாகப் பேசியதில்லை.

ஒரு பெண் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கரையில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதிருக்கும், அந்த மீனவர் தெருவைச் சேர்ந்தவர். என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாரோ என்னவோ, நான் டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார்.

"டீச்சரம்மா, இங்க பாருங்க. என்னைய பாருங்க. புள்ள எதுக்கு எந்திரிச்சிப் போச்சு?"

"ஐஸ் கப்ப... குப்பத்தொட்டியில போடச் சொன்னேன்."

"தண்ணிக்குப் போறேன்னு சொன்னிச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் கடலையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தொட்டி எங்க இருக்கோ அங்கதான போயிருக்கும்!"

"தொட்டிய காணுமேங்க!"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவனே! அத நாங்கதான் நேத்து உருட்டிக்கிட்டுப் போயி ஏலக்கொட்டகைக்குப் பின்னால வச்சோம். மாப்ள வர்ற வழியில குப்ப நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு. வாங்க, வெரசா வாங்க."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தார். நான் மகளைப் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தார். மீன் ஏலம் போடும் கொட்டகை தெற்கே வெகுதூரம் தள்ளி, தார்ச்சாலை ஓரத்தில் இருந்தது. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் நின்றுவிடக் கூடாது என்று பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. "மூணு நாளா கூட்டுனோம் டீச்சரம்மா. வலைய இழுத்தா மீனு பாதி, பிளாஸ்டிக் பையி பாதி வருது. கரையில கெடக்குறதுதான உள்ள போவுது? அதான் இந்தத் தடவ ஒரு துண்டு கெடக்கக் கூடாதுன்னு நின்னோம். தொட்டிய எடுத்தா சனம் எங்க போடும்னு ஒருத்திக்கும் தோணல பாருங்க."

கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனோம்.

கரை நெடுக இருந்த நான்கு நீல டிரம்களும் அங்கே வரிசையாக நின்றன. நான்கும் வாய் வரைக்கும் நிறைந்து வழிந்தன. கடைசி டிரம்மின் முன்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கப். முழங்கை வரை ஐஸ் வழிந்து காய்ந்திருந்தது. கப்பைக் குவியலின் உச்சியில் மெதுவாக வைத்தாள். காற்று அதைத் தள்ளியது. குனிந்து எடுத்தாள். மறுபடி வைக்கப் போனாள்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் கையை ஓங்கினேன். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றார். "அடிக்கிறதுன்னா என்னைய அடிங்க. தொட்டிய உருட்டுனவ நானு."

"இவ்ளோ தூரம் ஏன்டீ வந்த?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அங்க டிரம் இல்ல. ஒரு அண்ணன்ட்ட கேட்டேன், இங்க இருக்குன்னுச்சு. இங்க வந்தா நெறஞ்சிருக்கு. வச்சா விழுந்துடுதும்மா."

"கீழ போட்டுத் தொலைச்சிட்டு வர வேண்டியதுதான!"

அவள் என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை, குழம்பிப் போயிருந்தாள். "நீதான கீழ போடக் கூடாதுன்ன?"

அங்கேயே, மீன் செதில் ஒட்டின சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐஸும் வியர்வையுமாக இருந்த அந்தத் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். இருக்கிறாள். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி மூச்சு வந்தது. அழுகையும் வந்தது. "அம்மா, ஆளுங்க பாக்குறாங்க" என்றாள்.

அந்தப் பெண் கரைப் பக்கம் திரும்பிப் போட்ட கூச்சலைக் கூட்டம் வாய்க்கு வாய் தண்ணீர் வரை கடத்தியது. "டேய், புள்ள கெடச்சிடுச்சு! மேல ஏறுங்கடா! ஏறிட்டு இந்தத் தொட்டிங்கள கொட்டிட்டு, கொண்டாந்து பழைய எடத்துலயே வைங்கடா!"

வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "என்னம்மா நீ, மாப்ள வர்ற நேரத்துல வழியில குப்பத்தொட்டியா?"

"நாத்தம் அடிச்சா மாப்ள பொறுத்துக்குவாரு. மாப்ளைய தூக்கிக்கிட்டு வர்றீங்களே, தொட்டி இல்லாம ஒங்க கால்ல பாட்டில் சில்லு குத்துனா நீங்க பொறுப்பீங்களா? இந்தப் புள்ள ஒரு கப்ப வச்சிக்கிட்டு ஊரு முழுக்க அலைஞ்சிருக்கு!"

பெரியவர் என்னையும் என் மடியில் இருந்தவளையும் பார்த்தார். "ரெண்ட மட்டும் வைங்க" என்றார்.

"நாலும்" என்றார் அந்தப் பெண். ஈரத் தலையோடு வந்த அந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டே நான்கையும் காலி செய்து உருட்டிப் போனார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பெருமாள் வந்தார். "மாப்ள, மாப்ள" என்று கடற்கரையே குரல் கொடுத்தது. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். இடுப்பு ஒடிந்தது. இறக்கவில்லை. எல்லோரும் பல்லக்கைப் பார்த்தார்கள். நான் அவள் காதுக்குப் பின்னால் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்தபோது டிரம்களைச் சுற்றிக் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. தள்ளிப் போகப் போக வழக்கம் போலத்தான், டம்ளரும் தட்டும் பையும். தெருப் பெண்கள் சாக்குகளோடு வந்தார்கள். எனக்கு உடனே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் நகர மாட்டேன் என்றாள். தண்ணீர் வந்து எடுத்துப் போவதற்குள் பொறுக்க வேண்டுமாம்.

அந்தப் பெண்ணிடம் ஒரு சாக்கு கேட்டு வாங்கினேன். என் வலது கை மகளின் இடது கையைப் பிடித்திருந்தது. மீதி இருந்த கைகளால் இரண்டு பேரும் பொறுக்கினோம்.

"ரெண்டு கையாலயும் பொறுக்கலாம் டீச்சரம்மா. புள்ள எங்கயும் ஓடிடாது."

"பரவால்லைங்க."

"கை வேர்க்குதும்மா, விடு" என்றாள் மகள்.

விடவில்லை. ஒரு சாக்கு நிறைய ரொம்ப நேரம் ஆயிற்று.