சைக்கிளை விட்டு இறங்கிய வளைவு

அத்தான் பாதை சொல்லும் விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்து அதை பகேரியா ரயில் நிலையம் என்பார். சீனிப் போத்தல் மலை உச்சி. இரண்டுக்கும் நடுவே சுட்டுவிரலை வளைத்து வளைத்துக் கொண்டு போவார். "இதாலை போனால் லொறி வராது. இந்த வீட்டிலை ஒரு நாய் நிக்குது, ஆனால் கட்டித்தான் கிடக்கும். இந்த ஏத்தத்திலை கொஞ்சம் மூச்சு வாங்கும், பேந்து ஒலிவ் தோட்டம் மட்டும் ஒரே இறக்கம்." வரைபடம் எதையும் அவர் பார்த்ததில்லை. பார்த்தாலும் அவர் போகும் பாதைகளில் பாதி அதில் இருக்காது.

அத்தான் என் அக்காவின் கணவர். போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து இத்தாலிக்கு, நான் இருக்கும் பலெர்மோ நகரத்துக்கு வந்து, பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கியிருந்தார். அக்கா ஊரில் இருந்தாள். பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் பின்னால், மலை தொடங்கும் இடத்தில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. பஸ் தோட்டம்வரை போகாது. அதனால் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓடினார். பகேரியா நிலையத்திலிருந்து நேர் றோட்டால் போனால் அரை மணி நேரம். இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிப் போவார். ஏன் என்று கேட்டால் காற்று நல்லது, வெயில் குறைவு என்று ஏதாவது சொல்லி மழுப்புவார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். நேர் றோட்டில் பொலிஸ் மறித்துச் சோதிக்கும். அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்கும் அனுமதி, சட்டைப் பையில் பொலித்தீன் உறைக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் என்ன? சீருடையைக் கண்டால் மனிதருக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

நான் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், விடுதியில் வேலை செய்கிறேன். பழைய மாளிகை ஒன்றின் மேல்தளம், ஆறு அறைகள், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். விருந்தினருக்குக் கொடுக்க சிஞ்ஞோரா எட்டு சைக்கிள்கள் வாங்கி வைத்திருந்தா. நாட்டுப்புறத்தில் அமைதியாக ஓடலாம் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள், முதல் நாளே முகம் வெளிறித் திரும்பி வருவார்கள். சிஞ்ஞோரா கொடுத்த தாளில் இருந்த பாதை முழுக்க லொறி. ஒருநாள் அவ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வாய் சும்மா இராமல், என் அத்தானுக்கு வாகனமே வராத பாதைகள் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பொலிஸ் நிற்காத றோட்டு என்று அவர் தேடிப் பிடித்தது, இவர்களுக்குக் கார் வராத றோட்டாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து எலுமிச்சைத் தோட்டம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் பழைய ஆட்களை நிறுத்திவிட்டார். அத்தானின் பெர்மெஸ்ஸோ முடிய மூன்று மாதங்கள் இருந்தன. புதுப்பிக்க வேண்டுமென்றால் புதிய வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் அனுமதி இல்லை, அனுமதி இல்லையென்றால் அக்காவைக் கூப்பிடுவது என்ற கதையே இல்லை. சிஞ்ஞோராவிடம் மெல்லக் கேட்டேன். விருந்தினரை ஒருநாள் கூட்டிக்கொண்டு போகட்டும், தானும் வந்து பார்க்கிறேன், பிடித்தால் ஒப்பந்தம் எழுதலாம் என்றா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து இரண்டு சில்லையும் கழற்றித் துடைத்தார்.

வந்தவர்கள் ஐந்து ஒல்லாந்துக்காரர். எங்கள் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியவர்களின் வழிவந்தவர்களை மேய்த்துக்கொண்டு போக வன்னியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். சைக்கிள்களை ரயிலில் ஏற்றி பகேரியாவில் இறங்கினோம். முன்னால் அத்தான், நடுவே விருந்தினர், பிறகு மின்கலம் பூட்டிய சைக்கிளில் சிஞ்ஞோரா, கடைசியாக மொழிபெயர்ப்புக்கு நான். ஊர் முடிந்ததும் அவர் ஒரு மதிலோரம் திரும்பினார். அவ்வளவுதான், இரைச்சல் அறுந்துவிட்டது. இரு பக்கமும் எலுமிச்சை மரங்கள், அதன் பிறகு நாகதாளி வேலி, அதன் பிறகு ஒலிவ். ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்தது ஆட்டுக்காரர் ஒருவரின் சின்ன வான் மட்டும். அவரும் அத்தானுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். சிஞ்ஞோரா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தா. ஒப்பந்தம் கையில் வந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

மலைமேல் ஒரு வளைவு. அங்கே கருநீல ஜீப் ஒன்றை நிறுத்திவிட்டு இரண்டு கராபினியேரி, இந்த நாட்டுப் பொலிஸ்காரர், நின்றார்கள். அவர்கள் எங்களை மறிக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. அத்தான் ஐம்பது மீற்றர் தூரத்திலேயே பிரேக் பிடித்தார். காலைத் தூக்கி இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவினார். தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் சென்றியை, ஆமியின் காவலரணை, கண்டால் அப்படித்தான். ஆமிக்காரன் சொல்லவே தேவையில்லை. எட்டத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு கடந்து, அங்கால் போய்த்தான் ஏற வேண்டும்.

வழிகாட்டி இறங்கினால் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஐந்து ஒல்லாந்துக்காரரும் இறங்கினார்கள். ஐந்து தலைக்கவசங்களும் கழன்றன. சிஞ்ஞோராவும் ஒன்றும் விளங்காமல் இறங்கினா. கடைசியில் நானும் இறங்க வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் வாய் திறக்காமல், வரிசையாக, தலை குனிந்து ஜீப்பைக் கடந்து நடந்தோம். வயது கூடிய கராபினியேரி தன் தொப்பியையும் கழற்றிவிட்டு, யார் செத்தது என்று சிஞ்ஞோராவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. வராமல் என்ன செய்யும்? முன்னால் நின்றவரிடம் பத்திரம் கேட்டார். அத்தான் பொலித்தீன் உறையைப் பிரிக்க முடியாமல் தடுமாறினார். நான் போய்ப் பிரித்துக் கொடுத்தேன்.  அந்த மனிதர் பெர்மெஸ்ஸோவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைக்கிள் பழுதா, ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். "ரிஸ்பெத்தோ," என்றார் அத்தான். மரியாதையாம். கராபினியேரி பெர்மெஸ்ஸோவைத் திரும்ப உறைக்குள் வைத்தார். பிறகு உறையை அவர் கையில் வைத்து, ஏறிப் போங்கள் சிஞ்ஞோரே என்று, ஐயா போட்டு மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். 

அடுத்த ஊரின் தண்ணீர்க் குழாயடியில் இளைப்பாற நின்றோம். நான் அத்தானை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பொரிந்து தள்ளினேன். "உங்களை ஆர் இறங்கச் சொன்னது? இது இத்தாலி அத்தான். எத்தினை வருசமாச்சு இஞ்சை வந்து?" அவர் முகத்தைக் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும் பிள்ளை. கால் கேக்குதில்லை," என்றார். நான் இருபது வருடங்களுக்கு மேல் இங்கே இருக்கிறேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நானும் அப்படி உருட்டிக்கொண்டு போனவள்தான், ஆனால் அதெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது, இவர் மட்டும் ஏன் கட்டிச் சுமக்கிறார் என்று கோபம் கோபமாக வந்தது. அக்காவின் முகம் வேறு வந்து நின்றது.

அப்போது ஒல்லாந்துப் பெண் ஒருத்தி சிஞ்ஞோராவிடம் வந்து, அந்த வளைவில் நடந்ததுதான் இன்றைக்கு மிகவும் பிடித்தது என்றாள். ஏற்றத்தில் முன் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாளாம். நடந்தபோதுதான் கீழே கடலைக் கண்டாளாம். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தா. அது திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டா. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆமாம், அத்தான் எப்போதும் அந்த இடத்தில் காட்சி பார்க்கச் சொல்லி இறக்குவார் என்று சொன்னேன். பொய் சொல்ல வெட்கப்படவும் இல்லை.

அத்தானுக்கு அந்தளவு இத்தாலியன் விளங்கியது. "இல்லைப் பிள்ளை, உள்ளதைச் சொல்லு," என்றார். நான் அசையவில்லை. அவரே தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். என் நாட்டில் சிப்பாய் நிற்கும் இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். இறங்காத ஆட்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் பயந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். நான்கு வசனம்தான். சிஞ்ஞோரா திரும்பிப் போய்த் தன் போத்தலில் தண்ணீர் பிடித்தா. திரும்பும் வழி முழுக்க எனக்கு ஊர் தெரியவில்லை, கடல் தெரியவில்லை.

பலெர்மோ நிலையத்தில் இறங்கியபோது சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தா. திங்கட்கிழமை அவருடைய பத்திரங்களைக் கொண்டுவா, கணக்காளரிடம் போய் ஒப்பந்தம் எழுதுவோம் என்றா. நான் நம்பாமல் பார்த்தேன். "இவ்வளவு பயப்படுகிற மனிதர் என் விருந்தினரை ஆபத்தான றோட்டுக்குக் கூட்டிப் போகமாட்டார்," என்றா.  நிலையத்தில் அத்தனை சனத்துக்கு நடுவே நான் விம்மி அழுதேன். அத்தான் ஒல்லாந்துக்காரரின் சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

பெர்மெஸ்ஸோ வந்தது. இரண்டு வருடம் கழித்து அக்காவும் வந்தாள். இப்போது அத்தானிடம் ஒன்பது பாதைகள் இருக்கின்றன. சிஞ்ஞோரா அவற்றை அச்சடித்து வைத்திருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர் இல்லையென்றால் அத்தானும் நானும் சும்மா ஓடிவிட்டு வருவோம். இந்த வயதில் உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று ஏசிக்கொண்டே அக்கா பாண் கட்டித் தருவாள்.

போன மாதம் அப்படித்தான் போனோம். பாலத்தடியில் கராபினியேரி ஜீப். அத்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் மிதியிலிருந்து எழும்பியதைக் கண்டேன்.  கால் திரும்பவும் மிதியில் இருந்தது. ஒரு கையைத் தூக்கி, "புவோன்ஜோர்னோ," என்றார். அவர்களும் கை தூக்கினார்கள். அவர் மிதித்துக்கொண்டே கடந்து போனார். எனக்கு வந்த ஆறுதலை என்னவென்று சொல்ல? எத்தனையோ வருடத்துப் பாரம் அந்த முதுகிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தபடி நின்றேன்.

நின்றேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சைக்கிளில் இல்லை. றோட்டோரம், ஹாண்டிலைப் பிடித்தபடி, தலைக்கவசம் கையில். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. உருட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தேன்.

அங்கால் அத்தான் காத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "என்ன பிள்ளை, செயின் கழண்டிட்டுதோ?" என்றார். "ஓம் அத்தான், செயின்தான்," என்றேன். அவர் குந்தியிருந்து, ஒரு பழுதும் இல்லாத செயினை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். விரலில் பிரண்ட எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்தார். "இப்ப சரி. ஏறு, போவம்," என்றார்.