அரை மணிக்கு முப்பது மில்லி

தென்காசியில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், சாரல் தொடங்கிவிட்டால் கட்டில் காலியாக இருக்காது. பாதிப் பேர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களின் பிள்ளைகள். பாறையில் வழுக்கி விழுந்தவை, கண்டதையும் தின்று வாந்தி எடுப்பவை. மீதிப் பாதி உள்ளூர்ப் பிள்ளைகள். நரம்பே தெரியாத கையிலும் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிடுவேன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாசுதேவநல்லூர்ப் பக்கம் நாற்று நடுகிற என் அம்மா, கடையில் வாங்கிய எதையும் என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுவாள். நானும் ஒரு வரி விடாமல் வாசிப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, டியூட்டி ஏறிக் கொஞ்ச நேரத்தில், ஒரு பெண் தன் பையனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். பதின்மூன்று மாதம். எடை ஆறு கிலோகூட இல்லை. நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள். கணவர் அருவிக்கரையில் ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசனில் இருவரும் வேலைக்குப் போக, பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறான். பல் முளைக்கிறதால்தான் போகிறது, வயிற்றைக் காயப்போட்டால் நின்றுவிடும் என்று அங்கே கஞ்சியையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா அவன் விலாவையும் தொடையையும் பார்த்துவிட்டு, டிரிப்ஸ் வேண்டாம் என்றார். மயக்கம் இல்லை, குடிக்கிறான், அதனால் வாய் வழியாக மட்டும். இப்படி வற்றிப்போன பிள்ளைகளுக்கென்று உப்பைக் குறைத்துக் கலக்கிய நீர், அரை மணிக்கு முப்பது மில்லி, கரண்டியால். ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தசை கரைந்த உடம்பில் இதயமும் அதே அளவுக்குத்தான் இருக்கும். தண்ணீர் வேகமாக உள்ளே போனால் அதனால் தள்ள முடியாது. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

பின்னாலேயே வந்த கணவருக்கு இது பிடிக்கவில்லை. கையில் எண்ணெய் வாசனை போகாமலே வந்திருந்தார். எதிர்க் கட்டிலில் மதுரையிலிருந்து வந்த ஒரு குண்டுப் பையனுக்கு பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு பாட்டில் ஏத்துதீங்க. எம் பிள்ளைக்கு மட்டும் கரண்டியா? எங்களப் பாத்தா அப்படித் தெரியுதா, சிஸ்டர்?"

நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. சாயங்காலம் வரை பார்ப்பேன், பிள்ளை தெளியாவிட்டால் வெளியே கூட்டிப்போய்த் தனியாரிடம் பாட்டில் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பாட்டில் போடத் தயங்காத இடங்கள் ஊரில் இருந்தன. அங்கே போனால் அவன் பிழைக்கமாட்டான் என்று டாக்டரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவன் அந்தக் கட்டிலில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஒன்பதரைக்கும் பத்துக்கும் சரியாகக் கொடுத்தேன். பத்தரைக்கு, ஐந்தருவியில் விழுந்து மண்டை உடைந்த ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். கூட நான்கைந்து பேர், ஈரத் துணியோடு, ஆளுக்கொரு சத்தம். தையல் முடிந்து கை கழுவியபோது மணி பதினொன்று. பத்தரை மணிக்குக் கொடுக்க வேண்டியது தவறியிருந்தது. விட்டதை ஈடுகட்டுவதாக நினைத்து, இரண்டு முறைக்குமானதைச் சேர்த்து அறுபது மில்லி கொடுத்தேன். மூச்சையும் எண்ணவில்லை. அவன் ஆவலோடு குடித்தான். அப்படிக் குடிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. மீதி இருந்த டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு மற்றக் கட்டில்களுக்குப் போய்விட்டேன்.

பதினொன்றரைக்குக் கொடுக்க வேண்டியதையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஒரே கலகலப்பு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பையனின் முகம் உப்பியிருந்தது. காலையில் குழிந்து கிடந்த கண்கள் மேலே வந்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் மகளின் சளிக்காகத் தங்கியிருந்த செங்கோட்டைக்காரி ஒருத்தி, வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"ஏட்டி, வரும்போது பல்லிக்குஞ்சு மாரி இருந்தான். சிஸ்டர் கை பட்டதும் கன்னம் வச்சிட்டு பாரு. என்னையும் ரெண்டு நாள் அவுககிட்ட விடு, எனக்கும் கொஞ்சம் கன்னம் வைக்கட்டும்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அரை நிமிடம் இருக்கலாம், அந்தப் பாராட்டை நின்று வாங்கிக்கொண்டேன். பையனின் அம்மா அதற்குள் ஒரு போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அதை அருவிக்கரையில் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினாராம்.

பிறகுதான் அவன் மூக்கைப் பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு விரிந்தது. சட்டையை விலக்கி எண்ணினேன். காலையில் முப்பத்தெட்டு. இப்போது ஐம்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன், ஐம்பத்துநான்கு. அது கன்னம் இல்லை, நீர். டம்ளரைப் பார்த்தேன், காலி.

நீ கொடுத்தாயா என்று கேட்டேன்.

"ஆமா. நீங்க ரெண்டு தடவைய சேத்துக் குடுத்தீங்கல்லா, நல்லாக் குடிச்சான். அதான் நானும் விட்டு விட்டுக் குடுத்தேன்."

அவள் முகத்தில் பயம் இல்லை. என்னைப் பார்த்துச் செய்த காரியத்தில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் திட்டவில்லை. வயிற்றில் ஈரல் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டார். எல்லாவற்றையும் நிறுத்து, தலைப்பக்கம் உயர்த்து, மூச்சை எண்ணு என்றார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. கால் மணிக்கு ஒருமுறை எண்ணினேன். ஐம்பத்துநான்கு, ஐம்பத்தாறு, மறுபடி ஐம்பத்தாறு. ஊசி குத்தத் தெரிந்த கைக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பெண் ஏன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு துணி நனைந்தது. தொட்டுப் பார்த்தேன், சிறுநீர். அரை மணியில் இன்னொரு முறை. மூச்சு நாற்பத்தெட்டு, பிறகு நாற்பத்திரண்டு. நாலரைக்கு ஈரலின் விளிம்பு பேனாக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. முகமும் வடிந்துவிட்டது. கண்கள் காலையில் இருந்த அளவுக்குக் குழியவில்லை, ஆனால் கன்னம் என்று எதுவும் இல்லை. டாக்டரம்மா பாலைத் தொடங்கச் சொன்னார், மிகக் கொஞ்சமாக.

ஐந்து மணிக்குக் கணவர் வந்தார். கையில் போன், அதில் அந்தப் படம். படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மதியம் வரை நன்றாக இருந்தவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குரல் உயரவில்லை. வாசலில் ஆட்டோ நிற்பதாக மனைவியிடம் சொன்னார்.

தானே பேசுவதாக டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். நோயின் போக்கு அப்படி என்று நானும் ஒரு வரியில் முடித்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். ஆனால் வேறு எதைச் சொன்னாலும் அந்தப் படத்தில் இருக்கிற முகத்தைத்தான் அவர் தேடிப் போவார். வெளியே ஒரு பாட்டில் போட்டால் அந்த முகம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

"அண்ணே, படத்துல இருக்கது தேறினது இல்ல," என்றேன். "நீர். நான் ஒரு நேரம் விட்டுட்டு ரெண்டு நேரத்துக்கும் சேத்துக் குடுத்தேன். அதப் பாத்துதான் அவுகளும் குடுத்தாக. தப்பு எம்மேல. கரண்டியில குடுத்ததுக்கே மத்தியானம் மூச்சு வாங்கிட்டு. பாட்டில்ல போனா தாங்கமாட்டான்."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். மதியம் ஏன் நிறுத்தினேன் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். செங்கோட்டைக்காரி தன் மகளின் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

கணவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு நாளைக்கும் நான்தான் இருப்பேனா என்று கேட்டார். வேறு ஆளைக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, நான்தான் என்றேன்.

"அப்ப கரண்டிய இவ கையில குடுங்க. எப்ப எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க. மூச்ச எண்ணுறதுக்கும் இவளுக்குச் சொல்லிக் குடுங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருந்தும் சரி என்றேன். அவர் வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார்.

அவளுக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது. அதனால் இருபது எண்ணி முடித்ததும் ஒரு விரலை மடக்கச் சொன்னேன். இரண்டு விரல் மடங்கி அதற்கு மேலும் ஒன்பது வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும். ஒரு நிமிடம் ஆனதை நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவேன். முதல் முறை எண்ணியபோது அவள் உதடு அசைந்தது, கண் அவன் நெஞ்சைவிட்டு அகலவில்லை. இரண்டு விரல், அதற்கு மேல் ஒன்று. நானும் எண்ணினேன். எனக்கு நாற்பது வந்தது.

மறுபடி எண்ணலாம் என்றேன். இரண்டாம் முறை இருவருக்கும் நாற்பத்தொன்றே வந்தது. அவள் பால் கரண்டியை எடுத்தாள்.