ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து

பரமசிவனை அவசரப்படுத்திப் பயனில்லை. ஜெகதளாவில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டும் மாடி அவர் பொறுப்பு. நீளத் தொட்டிகளில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். ஈரம் பார்க்கக் கருவி வாங்கி வைத்திருக்கிறோம். அவர் அதைத் தொட்டதே இல்லை. ஒரு பிடி இலையை அள்ளி இறுக்குவார், கையைத் திறந்து பார்ப்பார், "இன்னும் இல்ல" என்பார். கீழே மெஷின் சும்மா நிற்கும். மெஷினை ஓட்டும் நானும் சும்மா நிற்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஆனால் அறுபத்தேழு வயதுக்காரரை என்னவென்று திட்டுவது?

போதாக்குறைக்கு மனுஷர் எப்போதும் சந்தோஷமாக வேறு இருப்பார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, ஒருத்தி கூடலூரில், ஒருத்தி கோவையில். மனைவி கருப்பம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். மத்தியானம் இருவரும் எங்கள் ஷெட்டில்தான் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர் சொல்வதை எல்லாம் அந்த அம்மா திருத்துவார், அவரும் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார்.

போன மே மாதம், எல்லையில் சண்டை என்று எல்லோரும் போனும் கையுமாக இருந்தபோது, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பாலமுருகன் பெரிய மனுஷத்தனமாக ஒன்றைச் சொன்னான்.

"மேல இருந்து ஆர்டர் வந்தா செஞ்சுதானுங்க ஆகோணும். ஆளாளுக்கு யோசிச்சுட்டு நின்னா ஆகுமுங்களா?"

பரமசிவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருத்தர் யோசிச்சுட்டு நின்னதுனாலதான் தம்பி நான் உக்காந்து சோறு திங்கிறேன்" என்றார்.

இருபது வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லச் சொல்லி நச்சரித்தேன்.

அவர் பிறந்தது இலங்கைத் தோட்டத்தில். இந்தியப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த நேரத்தில், அங்கே உள்நாட்டுச் சண்டை தொடங்கி, இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிவந்த கப்பல் நின்றுபோயிற்று. அங்கேயே இருந்து, ஸ்டோரில் உதவி டீமேக்கர் ஆனார். தேயிலைத் தொழிற்சாலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஸ்டோர். சண்டை முற்றிய ஒரு வருடம், துப்பாக்கிக்காரர்கள் சிலர் ஓர் இரவு அந்த ஸ்டோருக்குள் தங்கிவிட்டுப் போனார்கள். அடுத்த புதன்கிழமை, ராணுவ கேப்டன் ஒருவர் ஆட்களோடும் டீசல் கேன்களோடும் வந்து இறங்கினார். ஸ்டோரையும் அதை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் கொளுத்திவிட்டு, குடியிருந்த அறுபது குடும்பங்களையும் விரட்டிவிட வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. தோட்டத்துத் துரை எப்போதோ கொழும்புக்குப் போய்விட்டார்.

சனம் காலில் விழுந்து அழுதது. கேப்டன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சிங்களம் தெரிந்த பரமசிவன் முன்னால் போய், "மாத்தயா, மேல இலை வாடிக்கிட்டு இருக்கு. அரசாங்கத்துச் சொத்து. அது தூளாகி வர்ற வரைக்கும் பொறுங்க" என்றாராம். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.

"ஏனுங்க, ஊடு எரியப்போகுது, இலையப் பத்தியா பேசுவீங்க?" என்று நான் கேட்டே விட்டேன்.

"அழுகைய ரேடியோவுல மேலிடத்துக்குச் சொல்ல முடியுமா? வேலை நடக்குதுன்னா சொல்லலாம்ல."

கேப்டன் மாடிக்கு ஏறி வந்து இலைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "எப்போது முடியும்?" என்றார். நாளை மத்தியானம் என்றார் பரமசிவன். கேப்டன் ரேடியோவில் அப்படியே சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கடைசித் தூள் அடுப்பில் இருக்கும்போதே, காலையில் பறித்த கொழுந்து மாடியில் பரவிக் கிடந்தது. தேயிலை வேலை அப்படித்தான், நேற்றைய இலை முடிவதற்குள் இன்றைய இலை வந்துவிடும்.

"இது?" என்றார் கேப்டன்.

"இது இன்னைக்குப் பறிச்சது, மாத்தயா. நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமையும் அதே பதில். அன்றைக்கு ரேடியோவில் மேலிடம் கத்தியது, தேயிலை போனால் போகட்டும், கொளுத்து என்று. கேப்டன் "சரி சேர்" என்று சொல்லிவிட்டு, பரமசிவனிடம் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். ஆட்களிடம், இருக்கிற இலை முடியட்டும் என்று மட்டும் சொன்னார்.

பரமசிவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் தன் கெட்டிக்காரத்தனத்தை அளந்துகொண்டிருந்தபோது கருப்பம்மா கேட்டார்: "நாளைக்கு என்ன செய்வீங்க?"

நாளை ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் கொழுந்து பறிப்பு கிடையாது. மத்தியானம் தொட்டி காலியாகிவிடும். சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்க, காலித் தொட்டியைக் காட்டி எந்த அதிகாரியும் இலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்தச் சின்ன விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இவதான் எந்திரிச்சுப் போனா" என்றார்.

"எங்க போனேன், லயத்துல ஒவ்வொரு வீடா, எல்லாக் காம்பராவுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தேன்" என்று கருப்பம்மா திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெண்கள் எல்லோரும் கொட்டும் மழையில், லீவு நாள் என்று பார்க்காமல் மலை ஏறினார்கள். மத்தியானம் கேப்டன் மாடிக்கு வந்தபோது தொட்டிகள் துடைத்த மாதிரி கிடந்தன. ஒரு சிப்பாய் கேனின் மூடியைத் திருகினான். பரமசிவன் "இந்தா வருது, இந்தா வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் படியில் காலடிச் சத்தம். கருப்பம்மா முதலில் ஏறிவந்து, நனைந்த கொழுந்தைத் தொட்டியில் கொட்டினார். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள்.

கேப்டன் இலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்து, "இலை இருக்கிறது சேர், வேலை முடியவில்லை" என்றார். அந்தப் பக்கத்துக் கத்தலை முழுசாகக் கேட்காமல் அணைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவரை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் ஏனோ நெருப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வருடம் பரமசிவனும் கருப்பம்மாவும் விமானத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். கேப்டனை மேலே என்ன செய்தார்கள் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. அதைச் சொல்லும்போது பரமசிவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கெட்டிக்காரருங்க நீங்க, ஒரு ராணுவத்தையே ஏமாத்தியிருக்கீங்க" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திங்கக்கெழமை அவரு ஜீப்புல ஏறும்போது மன்னிப்புக் கேட்டேன், உங்களை ஏமாத்திட்டேன் மாத்தயான்னு."

"அதுக்கு அவரு?"

"அவங்க அப்பாவும் ஸ்டோருலதான் வேலை பார்த்தாராம். 'ஞாயிற்றுக்கிழமை லீவுன்னு எனக்கு மொத நாளே தெரியும். நீங்க மறந்துருவீங்களோன்னுதான் சனிக்கிழமை பூரா எனக்குப் பயமா இருந்துச்சு'ன்னாரு."