ஞாயிற்றுக்கிழமை லீவு

ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் அந்தக் கொட்டகையில் அக்காளும் தங்கையும் அடைபட்டு ஆறு வருஷம். பூட்டு வெளியே. ஆளைப் பூட்டி வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் இல்லாமலென்ன, பளிச்சென்று அச்சடித்து மேஸ்திரியின் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

முந்தாநாள் தங்கை நின்றபடியே கண்ணயர்ந்து ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டாள். மேஸ்திரி அவள் வலது கையை இஸ்திரி இயந்திரத்தில் வைத்து மூடியை அழுத்தினான். பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை. தடுக்கப் போன அக்காளுக்கு இரண்டு பல் போயிற்று. இப்போது அந்தக் கை கறுத்து நாறுகிறது. இன்றே டாக்டரிடம் போகாவிட்டால் தங்கை பிழைக்கமாட்டாள் என்று அக்காளுக்குத் தெரியும்.

இன்றைக்குப் பார்த்துத் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் வந்தார். போன் போட்டுவிட்டுத்தான் வருவார், மகராசன். சொந்த வேலை இருந்ததால் இந்தத் தடவை வருகிற தேதியை மட்டும் மாற்றிக்கொண்டார். மேஸ்திரி தங்கையைப் பாய்லர் அறையில் தள்ளி, மற்றவர்களுக்குச் செருப்பு கொடுத்து, பழைய பாடத்தையே ஒப்பிக்கச் சொன்னான்.

"என்னைக்கும்மா லீவு?"

"ஞாயித்துக்கிழமை சார்," என்றாள் அக்காள்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "இன்னைக்கு என்ன கிழமை?"

அவள் திருதிருவென்று விழித்தாள். கிழமை பார்த்து எத்தனை காலம்!

"இன்னைக்கே ஞாயிறுதாம்மா."

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. இதை விட்டால் வேறு வழியில்லை என்று அவள் கத்தினாள். "எல்லாம் பொய் சார்! என் தங்கச்சி கைய சுட்டுட்டான். பாய்லர் ரூம்ல கெடக்கா!"

கதவைத் திறந்தார்கள். தங்கை ஈரத்துணியில் கையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தாள்.

"யாரும்மா சுட்டது?"

தங்கை அக்காளின் தோளில் கிடந்த மேஸ்திரியின் கையைப் பார்த்தாள். அது மெல்லக் கழுத்துப் பக்கம் நகர்ந்தது.

"நானா சுட்டுக்கிட்டேன் சார். சொந்த விருப்பத்துலதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை லீவு."

"அடிப்பாவி, உண்மையச் சொல்லுடி!" என்று அலறினாள் அக்காள்.

பாதிக்கப்பட்டவளே சொல்லாதபோது சட்டம் என்னம்மா பண்ணும் என்று பெருமூச்சுவிட்டார் இன்ஸ்பெக்டர். வலது கையில் ரேகை விழாது. தங்கையின் இடது பெருவிரலில் மை தடவி வாக்குமூலத்தில் ரேகை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மேஸ்திரி செருப்புகளைத் திருப்பி வாங்கி அடுக்கினான். தங்கையை உள்ளே வைத்துப் பாய்லர் அறையைப் பூட்டினான். பிறகு அக்காளின் தலைமுடியைப் பிடித்து இயந்திரத்துக்கு இழுத்துப்போனான். தங்கை நல்ல கையால் கதவை இடித்துக்கொண்டே இருந்தாள்.

இந்த முறை அவன் இருபது எண்ணினான்.