மேடத்தின் தவறுகள்

நந்தனத்தில் ஒரு அரங்கில் மேடத்துக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அவர் வேலை பார்த்த கல்லூரியின் முன்னாள் துறைத்தலைவர் மைக்கைப் பிடித்து, "தம் வாழ்நாளில் ஒரு தவறுகூடச் செய்யாத விஞ்ஞானி" என்றார். கூட்டம் கைதட்டியது. செத்துப்போனவருக்கான கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்றுகூடத் தெரியாத கூட்டம். கடைசி வரிசையில் இருந்த எனக்கு, கையிலிருந்த காப்பியை அவருடைய வெள்ளைச் சட்டைமேல் ஊற்றலாம் போல இருந்தது. அவர் பொய் சொன்னார் என்பது மட்டும் காரணமில்லை. பொய் சொல்லாதவர் யார்? மேடம் தம் தவறை ஒப்புக்கொண்டார் என்பதற்காகவே அவரைப் பல வருஷம் ஓரங்கட்டிய மனிதர் அவர். அந்த வாயால் அந்த வார்த்தை வந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு மயிலாப்பூரில் ஒரு டி.டி.பி. கடை. ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைகளை, அதில் இருக்கும் சமன்பாடுகளோடு தட்டச்சு செய்துகொடுப்பது என் பிழைப்பு. மேடம் முதன்முதலில் வந்தபோது நான் அடித்த ஒரு பக்கத்தில் ஒன்பது பிழை காட்டினார். "உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா நான் என்ன பண்றது?" என்றேன். "கோழிக்காவது என்ன தேடறோம்னு தெரியும்பா. எனக்கு அதுவும் தெரியல" என்று சிரித்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அவருடைய துறை கணித இயற்பியல். அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "இட்லி வெந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க. நான் குத்திப் பாக்கிறவ" என்றார். அதற்குமேல் எனக்குப் புரியவும் இல்லை, புரியத் தேவையும் இருக்கவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வருவார். கையால் எழுதிய நாலைந்து பக்கம் இருக்கும். அதை நான் அடித்து அவருடைய வலைப்பூவில் ஏற்றுவேன். வானம் ஏன் நீலம், கண்ணாடி இடமும் வலமும் மாற்றிக் காட்டுகிறதா, மின்விசிறி சுற்றினால் அறை குளிருமா என்று நல்ல தமிழில் எழுதுவார். படித்தவர்கள் அதிகம் பேரில்லை. ஆனால் படித்தவர்கள் விடாமல் படித்தார்கள்.

அந்த வலைப்பூவில் மேடம் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எழுதியதில் தவறு என்று தெரிந்தால் அந்த வரியை அழிக்க மாட்டார், மாற்றவும் மாட்டார். அது அப்படியே இருக்கும். கட்டுரைக்கு மேலே சிவப்புக் கட்டம் போட்டு, எது தவறு, எது சரி, கண்டுபிடித்தவர் யார் என்று மூன்று வரி எழுதுவார். "சத்தமில்லாம திருத்திட்டா நேத்து படிச்சவன் தப்போடயே போயிடுவான்பா. அவனுக்கு யார் சொல்றது?" என்பார். நான் தப்பாக அடித்ததற்கும் தம் பெயரிலேயே கட்டம் போடுவார். நான் சண்டை போடுவேன். "உன் விரல்ல வந்தாலும் என் பேர்லதானே வெளியே போச்சு" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்தப் பழக்கம்தான் அவர் வேலைக்கு உலை வைத்தது. அவரும் துறைத்தலைவரும் சேர்ந்து எழுதிய ஒரு நிரூபணம் வெளிநாட்டு ஆய்விதழில் வந்திருந்தது. கல்லூரி வாசலில் பேனர்கூட வைத்தார்கள். அதற்குப்பின் ஒருநாள் மேடம் கடையில் என் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒரு படி இல்லப்பா. படி இருக்குன்னு நெனச்சு காலை வெச்சிருக்கேன்" என்றார். ஆய்விதழுக்கு எழுதி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். வலைப்பூவிலும் கட்டம் போட்டார். நான்தான் ஏற்றினேன். துறைத்தலைவரோடு அவர் போனில் பேசியது என் காதில் விழுந்தது. "சார், யாரும் கவனிக்கலைங்கறது எப்படி சார் பதிலாகும்?" அவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார்.

அதன்பின் அவருக்கு ஆராய்ச்சி மாணவர்களை ஒதுக்கவில்லை. பதவி உயர்வுக்கான நேர்காணல் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. அறையை ஜெனரேட்டர் பக்கத்துக்கு மாற்றினார்கள். இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். ஒருமுறைகூட என்னிடம் புலம்பியதில்லை. அதிலும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

மேடம் போன பிறகு அவருடைய கட்டுரைகளைப் புத்தகமாக்க வேண்டும் என்று அவர் தம்பி கடைக்கு வந்தார். அடையாறில் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. முன்னுரை எழுதப்போவது யார் என்றால், அதே துறைத்தலைவர். அவர் சொல்லியனுப்பிய யோசனை, சிவப்புக் கட்டங்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது.

"அக்கா பேருக்குக் கீழ பக்கத்துக்குப் பக்கம் தப்பு, தப்புன்னு வந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நேர்மையானவங்கன்னு நினைப்பாங்க."

"உங்களுக்குப் புரியல சார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல யாராவது மெடிக்கல் ரிப்போர்ட்டை மாட்டுவாங்களா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அந்தக் கட்டத்தை எடுத்தா அது உங்க அக்கா புத்தகம் இல்ல. வேற யாருக்காவது கொடுத்துக்கங்க" என்று கட்டுரைகள் இருந்த பென் டிரைவை மேஜைமேல் விட்டெறிந்தேன். அது உருண்டு கீழே விழுந்தது. அந்த வயதான மனிதர் குனிந்து எடுத்துக்கொண்டு போனார். பெரிய காரியம் செய்துவிட்ட திமிரில் அன்று முழுக்க இருந்தேன்.

புத்தகம் வேறு இடத்தில் அச்சாகி வந்தது. கெட்டி அட்டை, பளபளவென்று படம். நான் வாங்கவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை. போன வாரம் பட்டினப்பாக்கம் படகுக்காரர் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். மேடத்தின் கட்டுரைகளைப் போனில் படித்து, கேள்வி கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தவர். தொடுவானம் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று மேடம் ஒருமுறை எழுதியிருந்தார். இரண்டு மடங்கு உயரத்தில் நின்றால் இரண்டு மடங்கு தூரம் தெரியும் என்று அதில் ஒரு வரி. அன்றைக்கே இவர் மெசேஜ் வந்தது. "டீச்சர், போட்டுல நின்னு பாக்கறேன், அதுக்கு மேல இன்னோரு ஆள் ஒசரம் ஏறியும் பாக்கறேன். டபுளாலாம் தெரியல. கொஞ்சம்தான் கூடத் தெரியுது. இன்னா கணக்கு இது?" மேடம் என் கடையிலேயே ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவசரத்தில் வர்க்கமூலத்தை விட்டிருந்தார். அந்தக் கட்டத்தை ஏற்றும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தை வேறெதற்கும் நான் பார்த்ததில்லை.

படகுக்காரர் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். "என்னைப் பத்தி எழுதினத தூக்கிட்டானுங்க. அது போவட்டும் நைனா, நான் இன்னா சினிமா ஸ்டாரா? ஆனா தப்ப அப்டியே உட்டு வெச்சிக்கிறானுங்க, பாரு. டீச்சருக்குக் கணக்கு தெரியாதுன்னு ஆயிடுச்சே. நீ கூடவே இருந்தியே, சொல்ல மாட்டியா?"

பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கம். திருத்தம் கட்டத்தில் மட்டும்தான் இருந்தது. கட்டுரைக்குள் பழைய வரியே இருந்தது, மேடம் அதைத் தொடுவதில்லையே. கட்டத்தை வெட்டியவர்கள் திருத்தத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். தவறே செய்யாதவராகக் காட்டப்போய், அவர் என்றைக்கோ திருத்திய தவறுகளை எல்லாம் திருத்தாதவையாக அச்சடித்துவிட்டார்கள். அது அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். மேடத்தின் தம்பியிடம் ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கோபப்படத்தான் நேரம் இருந்தது.

மறுநாள் அடையாறுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் கொடுத்து முடிச்சாச்சே சார்" என்றார். வாங்கியவர்கள் யார் யார் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு உயரத்தில் இரண்டு மடங்கு தூரம் தெரியும் என்பது தவறு. இரண்டு மடங்கு தூரம் தெரிய நான்கு மடங்கு உயரம் வேண்டும். கண்டுபிடித்தவர் பட்டினப்பாக்கத்துப் படகுக்காரர். எழுதியவர் அதை அன்றைக்கே திருத்திவிட்டார். அச்சுக்குப் போகுமுன் சொல்லாமல் விட்டவன் நான். மீதிப் பக்கங்களின் திருத்தங்கள் கீழே வருகின்றன.