பேதி சனிக்கிழமையும் பேச்சியின் குடல்வாலும்

1. சோப்பும் பிரஷ்ஷும்

நான் தாதியாக முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஐம்பதுகளின் தொடக்கம். டயகமப் பக்கத்துத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்த பெண் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சப்பாத்துமாக வந்து இறங்கியதைப் பார்க்க வாசலில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் டாக்டர் ஐயா என் சான்றிதழைக்கூடக் கேட்கவில்லை. என் நகங்களைத்தான் பார்த்தார்.

"வெட்டிப்போட்டு வாரும்," என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபதுகளில் கொழும்பில் படித்தவர். பென்சிலின் என்ற பேச்சே இல்லாத காலம் அது. ஆபரேஷன் நன்றாக முடியும், தையலும் அழகாக இருக்கும், பிறகு காயம் பழுத்து நோயாளி போய்விடுவார். அப்படிப் பலரைப் பறிகொடுத்த மனிதருக்குக் கிருமி என்றால் பரம்பரைப் பகையாளி. சோப்புப் போட்டு முழங்கைவரை பிரஷ்ஷால் தேய்க்க வைப்பார். முடிந்தது என்று நிமிர்ந்தால், இன்னொரு தடவை என்பார்.

"கண்ணுக்குத் தெரியிற ஊத்தையை ஆரும் கழுவுவினம், செலின். தெரியாததைக் கழுவத்தான் உமக்குச் சம்பளம்."

என் கைத்தோல் உரிந்தது. நானும் மனதுக்குள் அவரை ஏசிக்கொண்டேதான் தேய்த்தேன்.

நான் போன காலத்தில் பென்சிலின் வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் பிரிட்ஜ் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் மண்ணெண்ணெய் பிரிட்ஜ் ஒன்று இருந்தது. துரையின் பட்டருக்கும் பியருக்கும் நடுவில் எங்கள் ஊசி மருந்துக் குப்பிகள் குளிர்ந்துகொண்டிருக்கும். தேவைப்பட்டால் யாராவது மேலே ஓடிப்போய், பங்களாச் சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கி வரவேண்டும்.

2. மருந்து நாள்

தோட்டங்களில் கொக்கிப்புழு பெரிய தொல்லை. வெறுங்காலோடு மலையில் நடப்பவர்களின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வெளுத்துப்போய், மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்குவார்கள். அதனால் வருடத்தில் சில தடவை, ஒரு சனிக்கிழமை காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்தும் பேதி உப்பும் கலந்து கொடுப்போம். ஜனங்கள் அதற்குப் 'பேதி சனிக்கிழமை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மருந்து குடித்தவருக்கு அன்று மலைக்குப் போக வேண்டியதில்லை. லயத்தில் இருக்கலாம். ஆனாலும் வேலை செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், அதாவது 'பேர்' விழும். குடிக்காதவருக்குப் பேர் கிடையாது. உடம்பு சரியில்லை என்று சொன்னாலும் கங்காணி நம்பமாட்டார், மருந்துக்குப் பயந்த நடிப்பு என்று வரிசையிலேயே வைத்து ஏசுவார்.

மருந்து ஊற்றிக் கொடுப்பவர் எங்கள் டிஸ்பென்சர். குடித்ததும் வாயைத் திறந்து பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வாயில் மருந்தை அடக்கி வைத்துக்கொண்டு பேர் சொல்ல முடியாதல்லவா?

"என் கண்ணுல மண்ணத் தூவ இந்தத் தோட்டத்துல எவனாலயும் முடியாதும்மா," என்று மீசையைத் தடவிக்கொள்வார். எனக்கும் அந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை அடைமழைக் காலத்தில் வந்தது. காற்றும் தூறலும். எல்லோரும் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்தி நின்றார்கள். மூக்கும் வாயும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. குடித்தார்கள், பேர் சொன்னார்கள், போனார்கள். பேச்சி என்று ஒரு குரல் சொன்னதும் என் காதில் விழுந்தது.

3. ஒரே மருந்து, இரண்டு வயிறு

மறுநாள் காலையில் அந்தப் பேச்சியைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான கொழுந்துப் பெண். முன்னால் தூக்கி வந்தவன் அவள் புருஷன் ராமையா. கூடவே வந்தவள் ராமையாவின் தங்கை பாக்கியம். ஆனால் அவள் வாசலோடு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே கக்கூசுக்கு ஓடினாள்.

டாக்டர் ஐயா பேச்சியின் நாக்கைப் பார்த்தார். நாடி பார்த்தார். கையைச் சூடேற உரசிவிட்டு அடிவயிற்றின் இடப்பக்கத்தை மெதுவாக அழுத்தினார். அழுத்தியது இடப்பக்கம், அவள் அலறிப் பிடித்துக்கொண்டது வலப்பக்கம்! படிக்கும்போது சொல்லித் தந்த அதே அடையாளம். குடல்வால் வீக்கம்.

டிஸ்பென்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "உப்புத்தான் முறுக்குதுங்கய்யா. நேத்து என் கையால குடிச்சா, பேரையும் சொன்னா. பாக்கியத்தையும் பாருங்க, அதுக்கும் வயித்து வலிதான். பொழுதுசாயச் சரியாயிரும்."

டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால் பாதையில் மண் சரிந்து கிடந்தது. டாக்டர் ஐயா என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை.

"முந்தி ஒருக்கா அவசரப்பட்டு வெட்டினன், செலின். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. காயம் பழுத்து அந்தப் பெடியன் போயிட்டான். இவளை வெட்டாமல் விட்டு, குடல்வால் வெடிச்சுதெண்டால் இவளும் போயிடுவள். இது உப்பு செய்யிற வேலையோ, இல்லையோ? அது தெரிஞ்சால் போதும்."

அந்த நேரம் பார்த்து பாக்கியம் எங்களைத் தாண்டி மறுபடியும் கக்கூசுக்கு ஓடினாள். டாக்டர் ஐயாவின் கண் அவள் பின்னாலேயே போயிற்று.

"பேச்சிக்கு எத்தினை தரம் வயித்தால போனது?"

"ஒரு தரம்கூட இல்லை, டாக்டர். நேற்றிலிருந்தே இல்லையாம்."

"இவவுக்கு?"

"அதைக் கேட்காதீங்க, டாக்டர்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "ஒரே போத்தல், ஒரே அளவு. ஒருத்தி நிக்காமல் ஓடுறாள். மற்றவளுக்கு ஒண்டுமே இல்லை. ஏன்?"

பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்ததும் நான் பாய்ந்துவிட்டேன். "நேத்து என்னடி செஞ்சீங்க ரெண்டு பேரும்? உண்மையச் சொல்லு!" அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் ஐயா என்னைக் கையமர்த்தினார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஆரின்ரை பேரையும் வெட்ட விடமாட்டன். கங்காணியோடை நான் கதைக்கிறன். பேச்சி நேற்று மருந்து குடிச்சவளோ?"

பாக்கியம் அழுதுவிட்டாள். "அண்ணி குடிக்கலீங்கய்யா. விடியக்காலையிலயே தொப்புளச் சுத்தி வலி. எந்திரிக்கவே முடியல. வலின்னு சொன்னா நடிக்கிறான்னு ஏசிப்புட்டு பேரை வெட்டிருவாங்க. நான் என் பங்கக் குடிச்சிட்டு, அண்ணி கம்பளியப் போர்த்திக்கிட்டு மறுக்கா வரிசையில நின்னேன். பேச்சின்னு பேரு சொன்னேன். அவுங்க பங்கையும் நாந்தாங்க குடிச்சேன்."

"ரெண்டு பங்கா!" டிஸ்பென்சர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். மீசையில் இருந்த கை தானாக இறங்கியது.

டாக்டர் ஐயா துள்ளி எழுந்தார். அந்த வயதில் அப்படி ஒரு துள்ளல்! "உப்பே குடியாதவளுக்கு உப்பாலை நோ வருமோ? தொப்புளிலை தொடங்கி வலப்பக்கம் இறங்கியிருக்கு. குடல்வால்தான்! செலின், தண்ணி கொதிக்க வையும். இந்தக் கெட்டிக்காரிக்குச் சேலைன் ஏத்தும். ரெண்டு பங்கு மருந்து ஆளையே கொண்டுபோயிருக்கும்."

4. சன்னலோரத்து மேசை

ராமையா சம்மதிக்க வேண்டும். "கத்தி வச்சா திரும்பி வரமாட்டாங்கன்னு சொல்றாங்களேய்யா."

சேலைன் ஏறிக்கொண்டிருந்த கட்டிலிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "அண்ணே! அண்ணிக்காக நான் நேத்துலயிருந்து கக்கூசுலயே குடியிருக்கேன். நீ ஒரு வார்த்த சொல்லமாட்டியா? வெட்டச் சொல்லு!"

அவன் சரி என்றான். சும்மா நின்றால் மனம் மாறிவிடுவான் என்று பென்சிலின் எடுத்துவர அவனையே பங்களாவுக்கு விரட்டினேன். மழையில் அவன் ஓடிய ஓட்டத்தை இன்னும் மறக்கவில்லை.

மேசையை வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் இழுத்துப்போட்டோம். பிரைமஸ் அடுப்பில் கத்திகளும் கிடுக்கிகளும் கொதித்தன. நான் சோப்பை எடுத்தேன். அன்று டாக்டர் ஐயா எனக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. முழங்கைவரை தேய்த்து, இன்னொரு தடவையும் நானாகவே தேய்த்தேன். டிஸ்பென்சர் முகமூடித் துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேச்சி உறங்கினாள்.

டாக்டர் ஐயா ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வெட்டினார். அவர் விரல் உள்ளே தேடியது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? அந்தப் பையனின் நினைவு அவருக்கும் வந்திருக்கும். நெற்றி வேர்வை கண்ணில் இறங்குமுன் நான் துடைத்துவிட்டேன்.

"இஞ்ச பாரும்!" என்றார்.

சிவந்து, பருத்து, சீழ்கட்டிப் பளபளவென்று வெளியே வந்தது குடல்வால். வெடிக்கவில்லை!

"நேற்று அந்த உப்பு இவளின்ரை வயித்துக்குள்ள போயிருந்தால் அப்பவே வெடிச்சிருக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. கை சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

5. அடுத்த மருந்து நாள்

காயத்தை அவிழ்க்கும் ஒவ்வொரு காலையிலும் டாக்டர் ஐயா முதலில் மோந்து பார்ப்பார். பழுக்கவில்லை. காய்ச்சலும் இறங்கியது. பேச்சி கஞ்சி கேட்ட அன்று டிஸ்பென்சரே போய் வாங்கி வந்து கொடுத்தார்.

கங்காணியோடு மட்டுமல்ல, துரையோடும் டாக்டர் ஐயா போய்ப் பேசினார். அடுத்த மருந்து நாளில் அவரே பெரட்டுக் களத்துக்கு வந்தார். கம்பளியை விலக்கி முகத்தைக் காட்டச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "வயித்து நோ உள்ளவை, முழுகாமல் இருக்கிறவை, காய்ச்சல்காரர் எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ. மருந்து இல்லை. பேர் உண்டு," என்றார்.

ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர். அவர்களில் ஒருத்தி நிறைமாதம் நெருங்கியவள். முந்திய தடவை வயிற்றில் பிள்ளையோடேயே வரிசையில் நின்று குடித்திருக்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லி, பேரைச் சொல்லச் சொல்லி, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் காவல் காத்தோம். என்ன நோவு என்று ஒருவரும் கேட்டதில்லை. அதன் பிறகு நான் வேலை பார்த்த எந்த ஆஸ்பத்திரியிலும், பொய் சொல்லும் நோயாளியிடம் கோபப்படுமுன், எதற்குப் பயப்படுகிறாய் என்றுதான் முதலில் கேட்டேன்.

விலகி நின்றவர்களோடு பாக்கியமும் வந்து நின்றாள். முகத்தில் சோர்வின் சாயல்கூட இல்லை.

"உனக்கென்ன நோ?" என்றார் டாக்டர் ஐயா.

"நோவெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. போன தடவையே இந்தத் தடவைக்கும் சேத்துக் குடிச்சிட்டேனுங்க."

களமே சிரித்தது. டாக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டிஸ்பென்சர்தான் முதலில் தலையாட்டினார். பாக்கியத்துக்கும் அன்று பேர் விழுந்தது.