மதிலுக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

என் அண்ணன் பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் வீடு கட்டினார். முன்பு வயலாக இருந்த இடம். அறைக்கு அறை ஏசி, கூடத்தில் முகம் தெரிகிற பளிங்குத் தரை. பின்பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே மதில். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அவை கண்ணில் படக்கூடாது என்றுதான் மதிலை உயர்த்தினோம் என்று மதினி சொன்னபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தைக் கார்த்திகையில் வைத்தார்கள். நான் கடையத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டேன். முந்தின நாளிலிருந்து விடாத மழை. அருவிகளில் யாரையும் குளிக்க விடவில்லை. போதகர் வீட்டுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, மதிலில் எதையோ கொண்டு இடிக்கிற சத்தம் கேட்டது. போதகர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். நாங்களும் ஆமென் என்று சத்தமாகச் சொன்னோம்.

பந்தி தொடங்கியதும், சாரல் அடிக்கிறது, மாடி ஜன்னலைச் சாத்திவிட்டு வா என்று மதினி என்னை அனுப்பினார். ஜன்னலருகே போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மதிலுக்கு இந்தப் பக்கம் புல்தரை வெறுமனே நனைந்து கிடந்தது. அந்தப் பக்கம் செம்மண் நிறத்தில் தண்ணீர், ஓட்டு வீடுகளின் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது. மலையிலிருந்து வருகிற மழைத் தண்ணீர் எப்போதும் இந்த வயல் வழியாகத்தான் ஓடையில் போய்ச் சேரும். இப்போது மதில் அதை அணைபோல மறித்து நின்றது. மார்பளவு தண்ணீரில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! செவுத்துல ஒரு ஓட்டையாவது போடச் சொல்லுங்க! எங்க மாமா எந்திரிக்க முடியாம கெடக்காவ, கட்டில மேச மேல ஏத்தி வச்சிருக்கோம். தண்ணி ஏறுதுக்கா!"

என் கை தானாகத் திரைச்சீலையை இழுத்து மூடியது. ஏன் மூடினேன்? அந்தத் தண்ணீரைவிட என் கைதான் அப்போது எனக்குப் பயத்தைக் கொடுத்தது. படியிறங்கிக் கீழே ஓடினேன்.

அண்ணன் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். காதருகே போய்ச் சொன்னேன்.

"தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கு. ஆள் வருவாவ" என்றார்.

"அதுவரைக்கும் அந்தப் பெரியவர் இருக்கணும்லா?"

"இடிச்சா தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வந்துருமே. எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காவ, பாத்தேல்லா?"

"நீங்க ஒருதரம் மேல வந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வந்தார். திரையை விலக்கிப் பார்த்தார். இறங்கிப்போய்க் கடப்பாரையை எடுத்தார்.

வீட்டிலிருந்து தள்ளியிருந்த மூலையில் மதிலைக் குத்தினார். விருந்துக்கு வந்தவர்களில் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். முதல் கல் பெயர்ந்ததும் தண்ணீர் பீறிட்டு வந்தது. மற்றவர்கள் விலகி ஓடினார்கள். அண்ணன் இன்னும் ஒருமுறை குத்தினார். மதிலில் ஒரு பெரும்பகுதி சாய்ந்தது. அண்ணனைக் காணவில்லை.

"ஆண்டவரே" என்று மட்டும் கத்தினேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. கொஞ்ச தூரத்தில், வாழை மரத்தைப் பிடித்தபடி அண்ணன் எழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

தண்ணீர் கூடத்துக்குள் புகுந்தது. சேறு கலந்து, பந்தி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகச் சாலைக்குப் போனது. அந்தப் பெண்ணின் மாமனாரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மதினி யாரையும் கேட்காமல் மாடியில் தன் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டார். பெரியவரின் பாதங்கள் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன. நானும் மதினியும் ஆளுக்கொரு காலைத் தேய்த்தோம். வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "இது ஆரு வீடு?" என்று கேட்டார். மதினி எழுந்து போய் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார்.

வீடுகள் காய்கிறவரை அந்தக் குடும்பம் அங்கேயே தங்கியது. கிளம்பும்போது அந்தப் பெண், "பெரிய உபகாரம் அண்ணாச்சி" என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போன பிறகு என்னிடம், "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

சாய்ந்த இடத்தில் மதில் மறுபடி எழும்பவில்லை. தண்ணீர் போக அண்ணன் வாய்க்கால் வெட்டிவிட்டிருக்கிறார்.

நரகம் என்றால் கொலைகாரர்களும் திருடர்களும் போகிற இடம் என்றுதான் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன். ஜெபம் செய்துவிட்டு நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்களும் அங்கே போகக்கூடும் என்று தோன்றியதேயில்லை. நாங்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. அவர்களைப் பற்றி எதையுமே நினைக்கவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போடும்போது, எங்கள் ஊரில் இன்னும் யாரை நான் பார்க்காமல் இருக்கிறேன் என்ற பயம்தான் முதலில் வருகிறது.